மகிழடியில் நடுக்கம் பிரிந்த விதம்

மகிழடியில் ஒரு பெடியன் தூளை விட்டால், அவன் உடம்பில் வரவேண்டிய நடுக்கம் அவன் வீட்டுக் கிணற்றில் பங்குள்ள வீடுகள் எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரிந்து போகும். தூள் என்பது ஹெரோயின். அதன் முழுப்பெயரை ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை. யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் முதலாவது பெடியன் விட்டபோது, பக்கத்து வளவில் இருந்த பத்மாவதி ரீச்சரின் கையில் தேத்தண்ணிக் கோப்பை தானாக ஆடியது. கொட்டாவிக்கு மேல் கொட்டாவி வந்தது, மயிர் சிலிர்த்தது, கெண்டைக்கால் இழுத்தது. அதே நேரம் கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தையல்காரர் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் திண்டாடினார். டெங்குவாக இருக்கும் என்று எல்லாரும் இரத்தம் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. பெடியன் மட்டும் சோறு தின்றுவிட்டு, வருடக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினான். அதன்பின் அது ஊர் வழக்கமாகிவிட்டது. தொடங்கப் போகிற வீட்டார் முதல்நாளே வந்து "நாளைக்கு எங்கடை பெடியன் தொடங்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டவர்கள் கண்ணாடிச் சாமான்களை எடுத்து அலுமாரிக்குள் வைப்பார்கள். கிணற்றில் பங்குள்ள சலூன்காரர் அன்று கடை திறக்கமாட்டார். அதே கிணற்றுப் பங்குக்காகப் பத்து வருடம் வழக்காடிக் கோட்டுப் படி ஏறி இறங்கியவர்கள்கூட, நடுக்கத்தில் தங்கள் பங்கை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். மகிழடியாரிடம் குறை சொல்ல எவ்வளவோ உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவர்களை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இந்தச் சிகிச்சையைப் பார்த்தவர் நல்லூரைச் சேர்ந்த டொக்டர் றஜிதா. அவர் மருந்து கொடுத்தார், பெடியன்களோடு மணிக்கணக்காகக் கதைத்தார், திரும்பத் தூளில் விழுந்து வந்தவனை ஏசாமல் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினார். நடுக்கம் பிரிகிற சங்கதியை முதலில் நம்பவில்லை. நம்பியபின் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல அதையும் பார்க்கத் தொடங்கினார். வருகிறவனிடம் பெயர் கேட்பார், வயது கேட்பார், பிறகு "உங்கடை கிணத்திலை எத்தனை வீடு?" என்று கேட்பார். சில வருடங்களில் அந்தக் கேள்வி மாறிவிட்டது. "அதிலை எத்தனை வீட்டிலை ஆக்கள் இருக்கினம்?" என்று கேட்க வேண்டி வந்தது.

ஏனென்றால் மகிழடியில் ஆள் குறைந்துகொண்டே போனது. மருதனார்மடத்துக்கும் நீர்வேலிக்கும் இடையில் ஒரு சந்தியாகத் தொடங்கி, வங்கி, மருந்துக்கடைகள், ரியூசன் கொட்டில்கள், கலியாண மண்டபங்கள் என்று வளர்ந்து, இன்று பட்டினம் என்று சொல்லிக்கொள்கிற இடம் அது. மண்டபங்கள் அதிகம், கலியாணங்கள் குறைவு. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், பிள்ளைகளைவிட வயதுபோனவர்கள் அதிகம், எல்லாரையும்விட வீடுகள் அதிகம். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் மாபிள் பதித்துக் கட்டிய வீடுகள் அவை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து சில கிழமை இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படியான வீடுகள் நிரம்பிய ஒரு குறுகிய ஒழுங்கைக்கு அப்பால், பள்ளமான காணியில், வடகடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன்பிடிக் குடும்பங்கள் இருந்தன. முப்பது வருடமாகி, கல்வீடும் கட்டி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள். ஊரார் இன்னும் அதை முகாம் என்றுதான் சொன்னார்கள். மகிழடியில் பிறப்பெல்லாம் முகாமில், இறப்பெல்லாம் ஊரில் என்று கிராம அலுவலரான விதானையார் சொல்வார். பள்ளிக்கூடத்து முதலாம் வகுப்பைப் பார்த்தால் அவர் சொல்வது சரியென்று தெரியும்.

பூட்டிய வீட்டுக்கும் கிணற்றில் பங்கு உண்டு என்பதால் நடுக்கம் அங்கேயும் போனது. ஆனால் வாங்க ஆள் இல்லை. யன்னல்கள் படபடவென்று அடிக்கும், கூரையிலிருந்து ஓடு விழும், வருடக்கணக்காக நின்றிருந்த சுவர்மணிக்கூடு ஒருதரம் அடித்து ஓயும். பின்னேரமானதும் அந்தப் பங்கு வெளியே வந்து, ஒழுங்கைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, புறப்பட்ட பெடியனிடமே திரும்பிவிடும். காலையில் பிரிந்து போனதைவிடத் திரும்பி வருவது கடுமையாக இருக்கும் என்று பெடியன்கள் சொன்னார்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு விரல்கூட ஆடியதில்லை.

பூட்டிய வீடுகள் அதிகம் இருந்தது கதிரவேலரின் ஒழுங்கையில்தான். அவர் வாழைத்தோட்டக்காரர். நீர்வேலிச் செம்மண்ணில் அவர் வெட்டுகிற கதலிக்குலை சந்தையில் மற்றவர்களின் குலைக்கு முந்திப் போய்விடும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் அவரை நம்பி வீட்டுத் திறப்பைக் கொடுத்திருந்தார்கள். அந்தத் திறப்புக்கோர்வை அவருடைய இடுப்பில் எந்நேரமும் கிலுங்கும். அவர் வருவதற்கு முன்னமே அவருடைய சத்தம் வந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் மனைவி பத்மாசினி வீடுவீடாகப் போய்க் கூட்டி விளக்கு வைப்பார். அந்த வளவுகளில் ஒரு மாங்காய் பிடுங்கினாலும் கதிரவேலர் வட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் கறிக்குக் கொடுப்பார். அப்படி ஒரு நேர்மை. அந்த நேர்மைதான் ஒரு கார்த்திகை மாதத்தில் அவரை ஒரு காரியம் செய்ய வைத்தது.

அந்தக் கார்த்திகையில் வெள்ளம் வந்து முகாமுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சந்தியில் மீன் விற்கிற இராசாத்தி, பிள்ளைகளையும் மூட்டைகளையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு ஏறி வந்து, மழையில் நனைந்தபடி கேட்டாள். உள்ளே வேண்டாம், விறாந்தை போதும் என்றாள்.

"திறப்புத்தான் என்ரை, வீடு என்ரை இல்லை. கேளாமல் திறக்கேலாது," என்றார் கதிரவேலர்.

"அப்ப கேட்டுப் பாருங்கோவன் ஐயா."

"கனடாவிலை இப்ப நடுச்சாமம்," என்றார் அவர்.

இராசாத்தி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள், பின்னால் மற்றவர்களும் நடந்தார்கள். கதிரவேலர் தான் கடமை தவறவில்லை என்று நினைத்தார். அன்றைக்கு வழக்கம்போலச் சாப்பிட்டார்.

அவருக்கு ஒரே மகன், லக்ஷன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனின் போனுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவன். காத்திருப்பவர்களுக்கென்றே தூள் விற்கப்படுகிறது. முதலில் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் காணாமல் போனது, பிறகு தாயின் தோடு. ஒருநாள் அடுப்படியில் தாயின் முன்னால் வந்து குந்தி, "அம்மா, என்னாலை இனி ஏலாது. நான் விடப்போறன்," என்றான். கதிரவேலர் அன்றைக்குச் சிறுபிள்ளைபோல விம்மி அழுதார். அவர் அழுது பத்மாசினி பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல்தரம் விட்டபோது நடுக்கம் ஒழுங்கை முழுக்கப் பிரிந்தது. ஆள் இருந்ததோ இரண்டே வீடுகளில். ஒன்று அவர்களுடையது, மற்றது பத்மாவதி ரீச்சருடையது. ரீச்சர் எழுபது வயதிலும் தன் பங்கைக் கட்டிலில் கிடந்து வாங்கினார். மிச்ச வீடுகளில் யன்னல்கள் அடித்தன, ஓடுகள் விழுந்தன. விழுந்த ஓடுகளைக் கதிரவேலர் படம் எடுத்து அனுப்பினார். பின்னேரம் எல்லாம் திரும்பி வந்து லக்ஷனைப் போட்டு முறித்தது. அவன் மதிலேறிப் பாய்ந்து போனான். இரண்டாம் தரமும் அதேதான். ஆனால் இந்தமுறை முன்பு சீமெந்து மூட்டை அடுக்கிய ஒரு பாழடைந்த கிட்டங்கிக்குப் பின்னால் மூச்சு நின்றுபோகிற நிலையில் அவனைக் கண்டெடுத்தார்கள். டொக்டர் றஜிதா ஊசி போட்டு உயிரை இழுத்துக் கொண்டுவந்தார்.

"ஐயா, விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது," என்றார் டொக்டர். "திரும்ப ஒருக்கா விட்டிட்டு எடுத்தானெண்டால் ஆள் மிஞ்சமாட்டான். மருந்து நான் தாறன். ஆனா இந்தமுறை நடுக்கம் திரும்பி வரக்கூடாது. உங்கடை கிணத்திலை ஆக்கள் இருக்கிற வீடு எத்தனை?"

கதிரவேலர் கதிரையில் சற்று அசைந்தார்; இடுப்பில் திறப்புகள் கிலுங்கின.

வீட்டுக்கு வந்தபின்தான் பத்மாசினி ஒரு விஷயத்தைச் சொன்னார். இரண்டாம் தரம் மகன் நடுங்கிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, அவர் மனம் கேளாமல் வீட்டைவிட்டு வெளியே வந்து, கனடாவில் ரொறொன்ரோவில் இருக்கிற கோபிசங்கரின் வீட்டைக் கூட்டப் போயிருந்தார். கூட்டிக்கொண்டு நிற்கையில் விளக்குமாறு கையிலிருந்து துள்ளி விழுந்தது. அப்படியே மாபிள் நிலத்தில் குந்தியிருந்து, அந்த வீட்டின் பங்கை முழுக்கத் தானே வாங்கிவிட்டார். அந்தப் பங்கு பின்னேரம் திரும்பவில்லை. அந்த ஒரு பொழுதுதான் லக்ஷன் கஞ்சி குடித்துக் கண்ணயர்ந்தான்.

"வீட்டுக்கு ஆள் வேணும், அவ்வளவுதான்," என்றார் பத்மாசினி. "ஆர் ஆளெண்டு வீடு கேக்கேல்லை."

கதிரவேலர் யோசித்தார். ஊரில் மிஞ்சியிருந்த வயதானவர்களுக்குத் தங்கள் கிணற்று நடுக்கமே போதும். வெளிநாட்டார் திருவிழாவுக்குத்தான் வருவார்கள். நடுங்கக்கூடிய வயதில், நடுங்கக்கூடிய உடம்போடு, கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள். அது அவருக்கு முதலிலேயே தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது.

மறுநாள் சந்திக்குப் போனார். இராசாத்தி தகரக்கொட்டிலுக்குக் கீழே கத்தியோடு இருந்தாள். மீன் வெட்டுகையில் அவளுடைய வலதுகை இலேசாக ஆடும். ஊருக்கே தெரிந்த ஆட்டம் அது. அவளுடைய மகன் செந்தூரன் தூளை விட்டபோது வந்ததுதான். முகாமுக்குக் கிணற்றில் பங்கு கிடையாது, பவுசர் லொறியில் வருகிற தண்ணீர் நடுக்கத்தைப் பிரிப்பதில்லை. அதனால் செந்தூரனின் நடுக்கம் அவன் பாதி தாய் பாதியென்று ஒரே வீட்டுக்குள் கிடந்தது. மகன் எழும்பிவிட்டான், தாயின் கை மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. கதிரவேலர் அந்தக் கையைப் பார்த்தபடி வந்த காரியத்தைச் சொன்னார்.

இராசாத்தி மீனைச் செதிள் போக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மழைக்குத் திறக்காத வீடு, நடுக்கத்துக்குத் திறக்குதோ ஐயா?"

கதிரவேலர் தலையைக் குனிந்தார். "நான் செய்தது பிழை, இராசாத்தி. பிழையெண்டு தெரியாமல் செய்தனான் எண்டும் சொல்லேலாது."

"கனடாவிலை இப்ப நடுச்சாமமில்லையே?"

"நடுச்சாமம்தான். நான் கேக்கப் போறேல்லை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "எங்கடை ஆக்களை நான் கூட்டிக்கொண்டு வாறன். அந்தப் பெடியன் என்ன பிழை செய்தவன்? செந்தூரன் கிடந்த கிடையை நான் கண்டனான், இன்னொரு தாய் அதைக் காண வேண்டாம். ஆனா ஒண்டு. நாங்கள் கோடிப்பக்கத்தாலை, பின்கதவாலை வரமாட்டம். முன்வாசலைத் திறவுங்கோ."

முன்வாசல்களைத் திறப்பது இலேசான வேலையாக இருக்கவில்லை. பத்மாசினிகூட அடுப்படிக் கதவால் போய் வந்து பழகியவர். வெளிநாட்டார் வந்து நிற்கும்போதும் பக்கவாசலைத்தான் பாவிப்பார்கள். பெரிய கதவுகளின் பூட்டுக்குள் துரு இறுகியிருந்தது. கதிரவேலர் விடியவெள்ளன எழும்பி ஒவ்வொரு பூட்டுக்கும் தேங்காயெண்ணெய் விட்டு, தோளால் முட்டி, ஒரு கதவுக்கு அலவாங்கும் போட்டு நெம்பி, ஒழுங்கையின் எல்லா வீடுகளையும் திறந்து வைத்தார். பத்மாசினி வாசல்களில் தண்ணீர் தெளித்தார். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் நெஞ்சுவருத்தக்காரரும் வரக்கூடாது என்று டொக்டர் றஜிதா முகாமுக்குப் போய்ச் சொல்லியிருந்தார். லக்ஷன் மருந்தைக் குடித்துவிட்டுத் தன் அறையில் படுத்தான். வெயில் ஏறியபோது முகாமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடலுக்குப் போகாமல் நின்ற ஆண்கள், மீன்கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்த பெண்கள், முன்னுக்குச் செந்தூரன். கேற்றுகளுக்கு வெளியே நின்று மீன் விற்றுப் பழகியவர்கள், வேலைப்பாட்டுக் கதவுகளைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, மாபிளில் கால் வைத்தார்கள். கதிரவேலர் ஒவ்வொரு வாசலிலும் நின்று கைகூப்பினார். அப்படிக் கைகூப்ப அவருக்கு எப்படி மனம் வந்தது என்று ஊரார் பிறகு பல நாள் கதைத்தார்கள்.

பிறகு நடுக்கம் வந்தது. ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டது. திடகாத்திரமான கடற்தொழிலாளிகள் போர்வை கேட்டார்கள். கக்கூஸ்களுக்கு முன்னால் வரிசை நின்றது, வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெண்கள் ஒருத்தியின் கெண்டைக்காலை இன்னொருத்தி பிடித்து உருவிவிட்டார்கள். பத்மாவதி ரீச்சர் தன் பங்கு குறைந்துவிட்டதை உணர்ந்து, எழும்பி எல்லாருக்கும் கொத்தமல்லிக் குடிநீர் அவித்தார். யன்னல் ஒன்றும் அடிக்கவில்லை. ஓடு ஒன்றும் விழவில்லை.

அந்த நேரத்தில்தான் கதிரவேலரின் போன் அடித்தது. ரொறொன்ரோவில் கோபிசங்கர் அந்த நடுச்சாமத்தில் நித்திரை குழம்பி எழும்பி, வீட்டில் பொருத்தியிருந்த கமராவின் வழியாகப் போனில் பார்த்திருக்கிறான். விறாந்தையிலும் கூடத்திலும் முன்பின் தெரியாத சனம் இருந்து நடுங்குவதைக் கண்டு பதறிவிட்டான்.

"அண்ணை, ஆர் உவை? ஆரைக் கேட்டுத் திறந்தனீங்கள்?"

கதிரவேலர் தன் வாழ்க்கையில் முதல்தரமாக அந்தக் கேள்விக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. "ஒருத்தரையும் கேக்கேல்லை. லக்ஷனுக்காக வந்திருக்கினம். உன்ரை வீட்டுப் பங்கை அவைதான் வாங்கினம், கோபி," என்றார்.

கோபிசங்கரும் ஒருகாலம் அந்தக் கிணற்றில் குளித்தவன்தானே. மூக்கை உறிஞ்சிவிட்டு, "சாமியறைக்குப் பக்கத்து அறையிலை மெத்தையள் கிடக்கு அண்ணை. அவையை வெறும் நிலத்திலை இருக்க விடாதையுங்கோ," என்றான். கதிரவேலர் அந்த அறையையும் திறந்தார்.

பின்னேரம் வந்தது, போனது. ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒழுங்கைப் புழுதி இருந்த இடத்திலேயே இருந்தது. லக்ஷன் தாயிடம் இடியப்பமும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டான். அடுத்தடுத்த நாட்களும் முகாமார் முறைவைத்து வந்து அந்த வீடுகளில் இருந்தார்கள், நடுக்கம் நாளுக்குநாள் மெலிந்து, கடைசியில் ஒரு சிறு கொட்டாவியாக வந்து ஓய்ந்தது. அதன்பின் லக்ஷன் மாதக்கணக்காக டொக்டரிடம் போய்வந்தான். தூள் நினைவு வருகிற நாட்களில் தகப்பனோடு தோட்டத்தில் நின்று வாழைக்கு மண் அணைத்தான். ஏஜென்சிக்காரனின் போன் ஒருநாள் வந்தது, அவன் எடுக்கவில்லை. அடுத்த மழைக்கு முகாமில் தண்ணீர் ஏறியபோது கதிரவேலர் குடையைப் பிடித்துக்கொண்டு தானே போய் ஆட்களைக் கூட்டிவந்தார். சில குடும்பங்கள் வெள்ளம் வடிந்த பின்னும் அங்கேயே இருந்தன; கோபிசங்கர்தான் இருக்கச் சொன்னான். அவன் வீட்டு முற்றத்தில் இப்போது வலை காய்கிறது.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு செந்தூரன் திரும்பவும் விழுந்தான். அது நடக்கிற காரியம்தான் என்று டொக்டர் றஜிதா சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டார், ஏசவில்லை. இராசாத்தி கடையைப் பூட்டிவிட்டு, மகனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, பழையபடி பாதியை வாங்க ஆயத்தமாக இருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. முகாமுக்குத்தான் பங்கு இல்லையே, சொல்லி என்ன செய்வது என்று நினைத்தாள்.

அந்தக் காலையில் கதிரவேலர் மருதனார்மடம் சந்தையில் குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார். தோளில் இருந்த கதலிக்குலை திடீரென்று கிலுகிலுத்தது. இறக்கி வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார்; விரல்கள் ஆடின. கொட்டாவி வந்தது. அவருடைய ஒழுங்கையில் எந்தப் பெடியனும் தொடங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். பத்மாசினியின் கையிலும் அகப்பை ஆடிக்கொண்டிருந்தது, பத்மாவதி ரீச்சர் கோப்பைகளை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார் கதிரவேலர்.

பத்மாசினி கோபிசங்கர் வீட்டில் இருக்கிற முகாமாரிடம் விசாரித்துவிட்டு வந்து, "இராசாத்தியின்ரை," என்றார்.

கதிரவேலர் வாழைக்குலைகளுக்கு நடுவில் சாக்கை விரித்து இருந்தார். கெண்டைக்கால் இழுத்தது, கண்ணால் நீர் வடிந்தது. அது நடுக்கத்தின் நீரா வேறேதுமா என்று அவர் பார்க்கவில்லை. கிணற்றில் பங்கில்லாத முகாமின் நடுக்கம் முதல்தரமாக ஒழுங்கைக்கும் பிரிந்து வந்திருந்தது; அவர் தன் பங்கை நன்றாக, முழுதாக வாங்கினார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. அதே நேரம் முகாமில், மகனுக்குப் பக்கத்தில் வெகுநேரமாகக் காத்திருந்த இராசாத்தி தன் வலதுகையைத் தூக்கிப் பார்த்தாள். அது ஆடாமல் நின்றது. பின்னேரம் கதிரவேலர் ஒரு சீப்புக் கதலியோடு வாசலில் வந்து நின்றபோது, அவள் "வாங்கோ அண்ணை, உள்ளுக்கை வாங்கோ," என்றாள்.

இப்போது மகிழடியில் தேத்தண்ணிக் கடையில் யாராவது ஒருவரின் கோப்பை ஆடினால், பக்கத்தில் இருப்பவர் "இண்டைக்கு ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார். தெரிந்தவர் பெயரைச் சொல்வார். நல்லாக வரட்டும் என்பார்கள், கோப்பையை மேசையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறமுன்னம் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.